இல்லத்தோழி சொன்ன ஐந்து நிமிடம்

ஜனவரி 11

அக்காவுக்கு,

உன் பரிசு வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது, கையில் பிடித்துப் பார்க்க ஒன்றுமில்லை. மெயிலில் இரண்டு வரி. உங்கள் அக்கா உங்களைத் தன் குடும்பத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார், ஒரு வருடத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று. பிறந்தநாளுக்கு ஒரு சட்டை வரும் என்று காத்திருந்தவனுக்கு, இணையத்தில் காசு கட்டித் தேடுகிற தேடுபொறி வந்திருக்கிறது. காற்றுக்குக் காசு கொடுக்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

கேலி இருக்கட்டும். நிஜமாகவே கேட்கிறேன், இது தேவையா? சும்மா கிடைக்கிற ஒன்று இருக்கும்போது, மாதாமாதம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசை எடுத்துக் கொடுத்து வேறொன்றில் ஏன் தேட வேண்டும்? நீ ஒவ்வொரு திருகாணிக்கும் விலை பேசுகிறவள். இதில் எப்படி ஏமாந்தாய்?

நேற்று அதில் சும்மா நாலு வார்த்தை போட்டுப் பார்த்தேன். விளம்பரம் இல்லை, நான் போன மாதம் பார்த்த செருப்பு என் பின்னாலேயே வரவில்லை. பக்கம் வெறிச்சென்று இருந்தது. ஏற்கெனவே அறை வெறிச்சென்றுதான் இருக்கிறது. மேசை, நாற்காலி, பக்கெட், ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் சுவர். செருப்பு விளம்பரமாவது என்னை ஞாபகம் வைத்திருந்தது.

பத்திரிகையில் வேலை எப்போதும் போல. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாய் என்று நீ கேட்க மாட்டாய். நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன். உனக்காவது பேனாவில் எழுதுகிறேனே.

தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

போனில் பேசினால் எனக்கும் கஸ்டமரிடம் பேசுகிற குரல்தான் வருகிறது. அதனால் கடிதமே நல்லது.

ஏமாந்தாய் என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன், கேள். ஒரு வீட்டுச் சமையலறையில் வாஷிங் மெஷின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். திரையில் பழுதைக் காட்டும் ஒரு எரர் கோடு மின்னுகிறது. வீட்டுக்கார அம்மா என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். போனை எடுத்து அந்தக் கோடைத் தேடினால், முதல் நாலு விளம்பரம். அடுத்த பத்துப் பக்கமும் ஒரே பக்கம்தான், சட்டை மட்டும் வேறு. கோடு என்றால் என்ன, கோடு ஏன் வருகிறது, கோடு வந்தால் என்ன செய்வது என்று இழுத்து இழுத்துக் கடைசியில் ‘திறமையான மெக்கானிக்கை அழைக்கவும்’ என்று முடிகிறது. அட பாவிகளா, அந்த மெக்கானிக் நான்தானே!

இதில் தேடினால் கம்பெனிக்காரன் போட்ட சர்வீஸ் புத்தகம் இரண்டாவதாக வந்து நிற்கிறது. பிடிக்காத தளத்தை ஒரே தட்டில் தடுத்து வைக்கலாம், அப்புறம் கண்ணிலேயே படாது. குறையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறது. தமிழில் கேட்டால் தடுமாறுகிறது. அதற்கெல்லாம் பழையதற்குத்தான் போகிறேன். ஆனால் என் தொழிலுக்கு இது தகும்.

காசு கட்ட வைத்தது யார் தெரியுமா? இல்லத்தோழி என்று ஒரு தளம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்கார அம்மா, தனியாக இருக்கிறார். அவருடைய வாஷிங் மெஷின் தண்ணீரோடு நின்றுவிட்டது. இல்லத்தோழியைப் பார்த்திருக்கிறார். ‘கீழே உள்ள மூடியைத் திருகித் திறந்து பில்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஐந்தே நிமிடம், நான் என் வீட்டில் செய்து பார்த்தேன்’ என்று போட்டிருந்தது. படுக்கை விரிப்புகளைச் சூடு வைத்துத் துவைத்திருக்கிறார். மூடியைத் திறந்ததும் கொதிக்கிற தண்ணீர் முழுக்கக் காலில். பக்கத்திலேயே ஒரு சின்னக் குழாய் இருக்கும், முதலில் ஆறவிட்டு அதன் வழியாகத்தான் தண்ணீரை இறக்க வேண்டும். தொழில் தெரிந்த யாருக்கும் இது தெரியும். நான் மறுநாள் போனபோது இரண்டு காலிலும் கட்டு. பில்டரில் சிக்கியிருந்தது ஒரு சட்டைப் பொத்தானும் நூலும்.

அன்றே பணம் கட்டினேன். முதலில் தடுத்தது இல்லத்தோழியை.

உனக்கும் சேர்த்துக் கட்டியதற்குக் காரணம் எதுவும் இல்லை. குடும்பத் திட்டம் என்று இருந்தது. குடும்பம் என்றால் நீதானே.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ காசு கட்டி வெளியே வந்துவிட்டாய். சரி. கட்ட முடியாதவர்கள்? அந்தத் தையல்கார அம்மா மாதாமாதம் தேடலுக்குக் காசு கொடுப்பாரா? அவருக்குக் கிடைப்பது அந்தப் பத்துப் பக்கம்தான். நீ தடுத்து வைத்ததால் உன் கண்ணிலிருந்துதான் மறைந்தது, அவர் கண்ணிலிருந்து மறையவில்லை. நல்லதை எல்லாம் காசுக்காரர்கள் பக்கம் நகர்த்திவிட்டு, மிச்சம் இருப்பவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டுவது என்ன நியாயம்?

அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்களையும் யோசித்துப் பார். யாரோ ஒருவன் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதுகிறான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் கேட்டால் எவனுக்குச் சரிபார்க்க நேரம்? அவனும் வாடகை கொடுக்க வேண்டும். எல்லோரும் மெக்கானிக் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றால் உலகத்தில் பாதிப் பக்கம் இருக்காது.

ஏன் இவ்வளவு எழுதினேன் என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து லேசாகத் தலைவலி.

அந்த அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது? நடக்கிறாரா?

தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

என்னடா, யாரோ உன்னை அடித்த மாதிரி எழுதியிருக்கிறாய்? நான் தடுத்தது ஒரு தளத்தை, உன்னை இல்லை. பாதிப் பக்கம் இருக்காதாம். இல்லாவிட்டால் போகட்டுமே!

கட்ட முடியாதவர்கள் பற்றி நீ கேட்டாயே, அது நியாயமான கேள்விதான். இரண்டு நாளாக வேலைக்கு நடுவில் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கால் ஆறி வருகிறது. இடது காலில் செருப்புப் போட முடியவில்லை. தையல் மெஷினை மிதிக்க முடியாது என்பதால் ஒரு மாத வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தேன். நம்ப மாட்டாய், அப்போதும் இல்லத்தோழியைத்தான் படித்துக்கொண்டிருந்தார். “இன்னுமா இத படிக்கிறீங்க?”ன்னு கேட்டேன். “இத எழுதுற அந்தம்மா பாவம், நல்லவங்கதான். ஏதோ மறந்திருப்பாங்க”ன்னு அவங்களுக்குப் பரிந்து பேசுறாங்க. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் வேறு குரலே கிடையாது. சுவரில் தொங்குகிற யார் யாருடைய சட்டைகளோ, அவர் மட்டும்.

நீ ஒன்று செய். உன் பத்திரிகையில் இதைப் பற்றி எழுது. ஆதாரம் வேண்டுமானால் நான் தருகிறேன், அந்த மூடியைப் படம் எடுத்தே அனுப்புகிறேன். போகிற வீடெல்லாம் என் தம்பி பத்திரிகையில் எழுதுகிறான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். எனக்குக் காட்ட ஒன்றாவது வேண்டாமா?

மாத்திரை போடு.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைப் படித்துப் பார்க்காமல் மடித்துப் போட்டுவிடப் போகிறேன்.

பத்திரிகை மூடி இரண்டு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. முதல் மாதம், வேறு வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் வேலை கிடைத்தது. ஆனால் சொல்லிக்கொள்கிற வேலை இல்லை. முதலாளி முகத்தைப் பார்த்ததில்லை. காலையில் பன்னிரண்டு தலைப்பு வரும், மாலைக்குள் பன்னிரண்டு பக்கம் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் ‘நான் என் வீட்டில் செய்து பார்த்தேன்’ என்று ஒரு வரி கட்டாயம். அது இருந்தால்தான் தேடலில் மேலே ஏறுமாம்.

இல்லத்தோழி நான்தான்.

இன்னும் இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வாஷிங் மெஷின் பக்கம் என்னுடையது. அவர்களில் யாராவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன். என்னுடையதுதான். உன் திட்டத்தில் தேடினேன், வரவே இல்லை. பழையதில் தேடினேன், முதலாவதாக வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியம். நான் தெரியாமல் எழுதவில்லை. மூன்று பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அதில் ஒன்றில், தண்ணீர் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள் என்று தெளிவாக இருந்தது. நானும் அதை எழுதினேன். எனக்கு வந்த தலைப்பு ‘ஐந்தே நிமிடத்தில்’. ஐந்து நிமிடம் என்று தலைப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆறவிடு என்று எப்படிச் சொல்வது? அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்ததுகூட இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது ஒன்பதாவது பக்கம்.

என்னிடம் வாஷிங் மெஷினே கிடையாது அக்கா. பக்கெட்டில்தான் துவைக்கிறேன்.

போன கடிதத்தில் நியாயம் பேசினேனே, அது என்னுடைய பக்கம் என்று தெரிந்துகொண்டேதான் பேசினேன். அதை நினைத்தால்தான் அதிகம் கூச்சமாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. கடிதம் வழியில் தொலைந்திருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கீழே தபால்பெட்டியைத் தினமும் திறந்து பார்ப்பதைக் கண்டு வாட்ச்மேன், “என்ன சார், லெட்டர்ல கல்யாணமா?”ன்னு கேட்கிறார்.

திட்டியாவது எழுது. உன்னையும் விட்டால் எனக்கு யாரும் இல்லை. இதை மிரட்டலாக எழுதவில்லை. உண்மை அதுதான்.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

கடிதம் தொலையவில்லை. வந்தது. என் கருவிப் பெட்டியில் ஸ்பானருக்குக் கீழே கிடந்தது. போகிற வீட்டில் எல்லாம் பெட்டியைத் திறந்தால் உன் கையெழுத்து. எண்ணெய்க் கறை பட்டுப் பாதி அழிந்துவிட்டது.

வேலை போனது உன் தப்பில்லை. இரண்டு வருடம் என்னிடம் மறைத்தாயே, அது வலிக்கிறது. நான் என்ன, உன் முதலாளியா? வேலை போச்சுக்கா என்று ஒரு வரி எழுதினால் நான் உன்னைத் துரத்திவிடுவேனா? இந்த இரண்டு வருடமும் நான் வீடு வீடாகப் போய் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

உன் பக்கத்தைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். எது நீ, எது மற்ற இருவர் என்று கண்டுபிடித்துவிட்டேன். நம் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதுவது நீ மட்டும்தான். ‘ஒரே ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது’ என்று ஒன்று எழுதியிருக்கிறாய். அதில், மிச்சம் வைக்காமல் சமைக்கப் பழகினால் அடுத்த வேளைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதனால் ஒரு கைப்பிடி கூடவே போடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நீ வீட்டில் செய்து பார்த்துதான் எழுதியிருக்கிறாய். இதை எல்லாம் எனக்கு எழுத மாட்டாயா? ஊருக்கு எழுதுவாயா?

மெஷின் பற்றி நீ எழுதியதில் முப்பத்தொரு தப்பு இருக்கிறது. பட்டியல் இணைத்திருக்கிறேன். சிவப்பில் சுழித்தவை ஆளைக் கொல்லும், மற்றவை மெஷினைக் கொல்லும்.

காசு கட்டியது தகுமா என்று கேட்டாய். எனக்குத் தகும், வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் நீ சொன்ன மாதிரி, தையல்கார அம்மாவுக்கு அதில் ஒரு பைசா நன்மை இல்லை. தெரிந்துகொண்டே பேசினாலும் அந்த நியாயம் நியாயம்தான்.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உன் வேலை. கடிதத்தில் இல்லை, நேரில். முகவரி பின்பக்கத்தில். என்னைப் பார்க்க வருவது அப்புறம்.

அக்கா


மே 7

அக்காவுக்கு,

போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உன் பட்டியலை வைத்துக்கொண்டு முதலில் பக்கங்களைத் திருத்தினேன். ‘வீட்டில் செய்து பார்த்தேன்’ என்ற வரியை எல்லாவற்றிலிருந்தும் எடுத்தேன். மறுநாளே முதலாளி பழையபடி மாற்றிவிட்டார். மறுபடி திருத்தினேன். என் கணக்கை மூடிவிட்டார். அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தேன். வாசகர்கள் போடும் கமெண்ட் எல்லாம் யாராவது அனுமதித்தால்தான் வெளியே தெரியும். அனுமதிப்பது யார் வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆயிரத்துக்கு மேல் குவிந்து கிடந்தன. அதில் ‘தையல்காரி’ என்ற பெயரில் ஒரு வருடமாக, வாரத்துக்கு இரண்டு மூன்று. ‘நீங்கள் சொன்னபடி ஜன்னல் துடைத்தேன் அம்மா. பளிச்சென்று இருக்கிறது. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது?’ தரை துடைப்பது பற்றிய பக்கத்தில் எனக்கு முட்டி வலி என்று அளந்திருந்தேன்.

வாஷிங் மெஷின் பக்கத்துக்குக் கீழேயும் ஒன்று இருந்தது. அதை மட்டும் பார்த்து எழுதிவைத்துக்கொண்டேன். ‘அம்மா, மூடியைத் திறந்தபோது எனக்குக் காலில் வெந்நீர் கொட்டிவிட்டது. உங்களுக்குக் கொட்டவில்லையா? முட்டி வலியோடு சட்டென்று நகர முடியாது. அடுத்த முறை நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.’

இரண்டு காலும் வெந்த பிறகு உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார் அக்கா. எனக்கு.

அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். உன் தம்பி என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? மீசை வச்சிருக்கீங்களே”ன்னு சிரிச்சாங்க. விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். கமெண்டை வாசித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப முட்டி வலி?”

“இல்லைங்க.”

“மெஷினு?”

“அதுவும் இல்லைங்க.”

ஆறவிடச் சொன்ன அந்த ஒரு வரியை எடுத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த துணியின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “காலு ஆறிடுச்சு தம்பி. அத விடுங்க. அந்தம்மா இல்லவே இல்லைன்னு சொல்றீங்களே”ன்னாங்க. எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தையல் மெஷின் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. போய் வருகிறேன் என்று கதவருகில் நின்று சொன்னேன். மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

என்னைப் பார்க்க வருவது அப்புறம் என்று எழுதியிருந்தாய். அதனால் உன் ரிப்பேர் கடைக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

தம்பி


மே 15

தம்பிக்கு,

நேற்று தையல்கார அம்மா கடைக்கு வந்தார். நடந்தே வந்தார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், “உங்க தம்பி சட்டைல ரெண்டாவது பொத்தான் இல்ல, சொல்லலாம்னு இருந்தேன்”ன்னாங்க. அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. நீயும் அப்படி எடுத்துக்கொள்ளாதே.

இன்று காலையிலும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். பழையதில் இன்னும் முதலாவதாகத்தான் நிற்கிறது, ஐந்தே நிமிடம் என்று. அதை நம்மால் எடுக்க முடியாது. அதனால் நான் தொடுகிற ஒவ்வொரு மெஷினிலும் மூடிக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டப் போகிறேன். என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், எப்படி எழுத வேண்டும் என்று தெரியவில்லை. நாலு வரி. நீ எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

இன்னொன்று. அன்று நான் கடையில்தான் இருந்தேன். நீ எதிர்ப்பக்கம் பழக்கடைக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறாய். தெருவைத் தாண்டி வருவாய் என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். பஸ் வந்தது, ஏறினாய். பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றுகொண்டேதான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாய், அது தெரிந்தும் கூப்பிடவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு. இன்னமும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டுக்கு வா. கதவைத் தட்டு. நான் உடனே திறக்காவிட்டால் போய்விடாதே, மறுபடியும் தட்டு.

அக்கா